பாடுகிற மெக்கானிக்கை அனுப்புங்கள்

பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். படகில் இரண்டு தடவை வாந்தி எடுத்ததை அம்மாவிடம் சொல்லாதே. சொன்னால் வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கிளம்பி வா என்பாள். அவளுடைய முழங்கால் எப்படி இருக்கிறது? உன் தோள் வலி குறைந்ததா?

தீவு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்யாதே. அரை மணி நேரம் நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். வானிலை நிலையத்தில் மொத்தம் நான்கு பேர். தலைவர், மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர். சமையல்காரர், மனிதர்களோடு பேசாமல் பாத்திரங்களோடு மட்டும் பேசுகிறவர். ரேடியோக்காரர், நாங்கள் அளந்து கொடுக்கும் எண்களைக் கரைக்கு அனுப்புகிறவர். நான்காவது ஆள் நான். மழையையும் காற்றையும் அளக்கிறேன். காலையும் மாலையும் ஒரு பெரிய பலூனில் வாயு நிரப்பி, அதில் ஒரு கருவியைக் கட்டி மேலே விடுகிறோம்.

கைப்பேசி இங்கே மணி பார்க்க மட்டும்தான். மூன்று வாரத்துக்கு ஒரு முறை படகு வரும். சாமானை இறக்கி, கடிதம் கொடுத்து, கடிதம் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் போய்விடும். இனிமேல் நாம் எழுதித்தான் சண்டை போட வேண்டும்.

உன் ஒன்பது பாட்டும் வெளியே வந்துவிட்டதா? இரண்டு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினாயே. கூடத்து ஆணியில் தொங்கும் உன் கிடாரின் முதுகில் இருக்கும் தழும்பை நேற்று நினைத்துக்கொண்டேன். சூடான இஸ்திரிப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதன் மேல் வைத்தேன். மூன்று நாள் நீ என்னோடு பேசவில்லை. இப்போது பேசலாம், மன்னித்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பாட்டையும்.

உன் அக்கா


மார்ச் 3

மழை அளக்கும் அக்காவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். முழங்கால் மாடிப்படி ஏறும்போது வலிக்கிறது, பக்கத்து வீட்டுக்குக் கதை கேட்கப் போகும்போது வலிப்பதில்லை. உனக்குத் தொண்டை கட்டாமல் இருக்கிறதா? கடற்காற்று உனக்கு ஆகாது.

ஒன்பது பாட்டும் வெளியே வந்தன. வந்த சுவடே தெரியவில்லை. மூன்று வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் திறந்திருக்கிறார்கள். முழுதாகக் கேட்டவர்கள் பதினேழு பேர். அதில் ஏழு தடவை நான். இரண்டு தடவை அம்மா, கை தவறிப் பட்டதால்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது அக்கா. நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, நானே பாடி, நானே வெளியிட்டு, கடைசியில் நானே கேட்டுக்கொள்கிறேன். பகல் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தால் நோட்டு என்னைப் பார்க்கிறது, நான் நோட்டைப் பார்க்கிறேன். முன்பெல்லாம் ஒரு வரியாவது வரும். இப்போது கொட்டாவிதான் வருகிறது. தளர்ந்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆகவே தீர்ப்பை உன்னிடம் விடுகிறேன். இத்துடன் ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன். ஒன்பது பாட்டும் அதில் இருக்கின்றன. கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை எழுது. "எழுது" அல்லது "போதும்". எதைச் சொன்னாலும் கட்டுப்படுகிறேன். அம்மா தலை மேல் சத்தியம் செய்யப் போனேன், அவள் தலையை நகர்த்திக்கொண்டாள்.

நாளை வேலைக்குப் போகிற வழியில் இதைத் துறைமுகத்தில் கொடுத்துவிடுவேன். மறக்காமல் இருக்கக் கடித உறையையும் கார்டையும் என் கருவிப் பையிலேயே போட்டுவிட்டேன். அங்கே வைத்து ஒட்டிக்கொள்ளலாம்.

சாப்பிட்டாயா என்று அம்மா கேட்கிறாள். மூன்று வாரம் கழித்துப் பதில் சொன்னால் போதும்.

உன் தம்பி


மார்ச் 24

என் அருமைத் தம்பிக்கு,

சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல். தொண்டை கட்டியிருக்கிறது, ஆனால் கடற்காற்றால் இல்லை. உன் பாட்டைப் பாடிப் பாடித்தான்.

படகு இரண்டே மணி நேரம் நின்றதால் அன்றே பதில் எழுத முடியவில்லை. இந்த மூன்று வாரமும் இதை எழுதக் கை துடித்தது. ஒரு வார்த்தை கேட்டாய், எனக்குப் பத்துப் பக்கம் வேண்டும்.

நிலையத்துக் கணினியில் போட்டோம். முதலில் ஒரே கடகட சத்தம். என்னடா இது, புது மாதிரி மேளமாக இருக்கிறதே என்றேன். அப்புறம் நீ இருமினாய். அப்புறம் ஆரம்பித்தாய் பார்,

"மூணாம் மாடி மூடிக்கோ,
நாலாம் மாடி நகர்ந்துக்கோ,
அஞ்சாம் மாடி அம்மாவே,
அரை நிமிஷம் பொறுத்துக்கோ"

என்று! எனக்குச் சிரிப்பும் வந்தது, ஏனோ கண்ணும் கலங்கியது. எண்ணெய் போடச் சொல்லி அழும் சக்கரத்தைப் பற்றி ஒன்று, வீட்டுச் சாவியைத் தொலைத்தவரைப் பற்றி ஒன்று. எத்தனை தடவை கேட்டோம் என்று கணக்கே இல்லை. சமையல்காரர் மாவு பிசைந்துகொண்டே "மூணாம் மாடி மூடிக்கோ" என்று ஆரம்பிக்க, தலைவர் எழுந்து போய்ச் சமையலறைக் கதவை மூடினார். ரேடியோக்காரர் ஒன்று சொன்னார்: "உங்க தம்பி யாருக்கோ பாடிக் காட்டற மாதிரியே இல்லீங்க. பக்கத்துல நின்னு வேலை பார்த்துக்கிட்டே பாடற மாதிரி இருக்கு."

ஒரே ஒரு குறை. கிடாரைக் காணோமே, ஏன்? ரேடியோக்காரருக்கு மனசு கேட்கவில்லை. தானே கற்றுக்கொண்டு கூட வாசிக்கப் போகிறாராம். படகுக்காரரிடம் கொடுக்கும் பட்டியலில் பற்பசைக்கும் பாட்டரிக்கும் நடுவில் "கிடார் ஒன்று, பழசானாலும் சரி" என்று எழுதிவிட்டார்.

தீர்ப்பு: எழுது. எழுது. எழுது. மூன்று தடவை சொல்லிவிட்டேன். இனி மேல்முறையீடு கிடையாது.

பூரிப்புடன்,
உன் அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சௌக்கியம். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருக்கிறேன்.

அது என் பாட்டு இல்லை அக்கா! அதாவது, நான் பாடியதுதான், ஆனால் பாட்டு இல்லை. லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த நீளச் சந்துக்கு ஷாஃப்ட் என்று பெயர். லிஃப்ட்டின் கூரை மேல் நின்றுகொண்டு மேலும் கீழும் போய்ச் சோதிப்பேன். அப்போது இடுப்பில் ஒரு சின்ன ரெக்கார்டர் தொங்கும். மாதா மாதம் சத்தத்தைப் பதிவு செய்து, போன மாதச் சத்தத்தோடு ஒப்பிட்டால் எந்தப் பேரிங் தேய்கிறது என்று காது சொல்லிவிடும். இது நானாகக் கண்டுபிடித்த வழி. வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது, எதையாவது முணுமுணுப்பேன். அதுவும் சேர்ந்து பதிவாகிவிடும். நீ கேட்ட மேளம், பன்னிரண்டு மாடிக் கட்டடத்து மோட்டார். சக்கரம் அழுதது நிஜமாகவே எண்ணெய்க்காக.

இரண்டு கார்டும் ஒரே பையில் கிடந்தன. துறைமுகத்தில் அவசரமாக ஒட்டும்போது பேரிங் கார்டை உனக்கு அனுப்பிவிட்டேன். ஒன்பது பாட்டுக் கார்டு ஸ்பானருக்கு அடியில் பத்திரமாக இருந்தது. இத்துடன் அதை வைத்திருக்கிறேன். மூன்று தடவை பார்த்து ஒட்டியிருக்கிறேன். அந்தப் பேரிங் கார்டைத் தயவுசெய்து திருப்பி அனுப்பு, வேறு யாருக்கும் போட்டுக் காட்டாதே. உன் தீர்ப்பு செல்லாது. வழக்கே வேறு.

கிடாரைப் பற்றிக் கேட்டாய். அதற்கென்ன, சுகமாக இருக்கிறது.

அம்மாவும் நல்ல உற்சாகத்தில் இருக்கிறாள். குடை மாட்ட வசதியாகக் கூடத்தில் ஓர் ஆணி கிடைத்துவிட்டதாம்.

வெட்கத்துடன்,
உன் தம்பி


மே 5

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். தலைவருக்கு மட்டும் காதுக்குள் "மூணாம் மாடி" ஓடுகிறதாம், மருந்து இல்லை என்று சொல்லிவிட்டோம்.

உன் சரியான கார்டு வந்தது. மூன்று தடவை கேட்டேன், அதில் ஒரு தடவை கதவைச் சாத்திக்கொண்டு தனியாக. உன்னிடம் நான் எதையும் பூசி மெழுகியதில்லை. எல்லாமே சரியாக இருக்கின்றன. ஒரு பிசிறு இல்லை. ஆனால் அந்த ஒன்பது பாட்டிலும் நீ யாரோ பெரிய மனிதர் வீட்டுக்குப் போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாய். எப்போது எழுந்து போகச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டே பாடுகிறாய். லிஃப்ட்டின் மேல் நிற்கும்போது உனக்கு அந்தப் பயம் இல்லை. அங்கே நீ என் தம்பியாக இருக்கிறாய். பேரிங் கார்டைத் திருப்பித் தர மாட்டேன். என்ன செய்வாய், நீந்தி வருவாயா?

கோபம் வந்தால் வரட்டும். வந்ததைக் கடிதமாக எழுது.

போன படகில் கிடார் வந்தது. பழசுதான், நல்ல மரம். அவர் உறையைப் பிரித்ததும் நான் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். அவர் வாசிக்க ஆரம்பித்ததும் கரையில் உட்கார்ந்திருந்த பறவைகள் எல்லாம் தீவின் மறுபக்கம் போய்விட்டன. இரண்டு கம்பி அறுந்தாகிவிட்டது. ஆனாலும் விடுவதாக இல்லை. தினமும் வேலை முடிந்ததும் படியில் உட்கார்ந்து "அஞ்சாம் மாடி அம்மாவே" வரை வந்து நிற்கிறார். அதற்கு மேல் விரல் போக மாட்டேன் என்கிறதாம்.

அது சரி, குடை மாட்ட அம்மாவுக்கு எந்த ஆணி கிடைத்தது? நம் கூடத்தில் இருந்தது ஒரே ஓர் ஆணிதானே?

அன்புடன்,
உன் அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவுக்கு லேசாக ஜலதோஷம், இப்போது தேவலை.

ஆணி புதுசு. நான்தான் அடித்தேன்.

நாற்காலி நுனி என்று எழுதினாயே, அதற்கு நான்கு நாள் கோபப்பட்டேன். ஐந்தாம் நாள் அந்த ஒன்பதையும் திரும்பக் கேட்டேன். ஆறாம் நாள் உன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. ஆனால் அதன் இடத்தில் வந்தது ஒன்றும் நல்லதாக இல்லை.

நீ பாராட்டியதால் இப்போது ஷாஃப்டிலும் எனக்கு வாய் வரவில்லை. அது பாட்டு என்று தெரியாத வரைக்கும் தானாக வந்தது. தெரிந்த பிறகு ரெக்கார்டர் என்னைப் பார்க்கிறது, நான் ரெக்கார்டரைப் பார்க்கிறேன். வாயை மூடிக்கொண்டு எண்ணெய் போட்டுவிட்டு இறங்குகிறேன். இருந்த ஒரு கடையையும் நீ பூட்டிவிட்டாய்.

இதில் ஒரு கூத்து. பன்னிரண்டு மாடிக் கட்டடத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு யாரோ தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"லிஃப்ட் நல்லாத்தான் ஓடுதாம். ஆனா ஆள் மாறிட்டாராம். பாடற மெக்கானிக்கை அனுப்புங்கன்னு சொல்றாங்க. யாருய்யா அது, நீ பாடுவியா?"

"இல்ல சார்."

"அப்ப நான் யாரை அனுப்புவேன்?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை. அந்தச் சந்தில் நான் முணுமுணுத்தது பன்னிரண்டு மாடிக்கும் கேட்டிருக்கிறது. இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை பார்.

வேலை அதிகம். சில படகுக்கு என் கடிதம் வராவிட்டால் கவலைப்படாதே. அப்புறம் ஒரு சந்தேகம். முதல் கடிதத்தில் ரேடியோக்காரர் என்று ஒருவர் இருந்தாரே, போன கடிதத்தில் அவர் இல்லை. யாரோ "அவர்" என்று ஒருவர்தான் இருக்கிறார். ரேடியோக்காரர் எங்கே போனார்?

உன் தம்பி


ஜூன் 16

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் ஜலதோஷம் போயிற்றா? உன் தோளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

ரேடியோக்காரர் எங்கும் போகவில்லை. இந்தத் தீவில் எங்கே போவது? இந்த விஷயம் இதோடு முடிந்தது. புது ஆணிக்கு என் வாழ்த்துகள்.

நீ எழுதியது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் பூட்டினேன் என்றால் நானே திறக்க வேண்டும். எனக்கு ஒரு பாட்டு வேண்டும் தம்பி. வேண்டுகோள் இல்லை, ஆர்டர். விவரம் எழுதுகிறேன், உன் கட்டடத்துக்காரர்கள் எழுதிக் கொடுப்பதைப் போல எடுத்துக்கொள்.

பலூனில் வாயுவை மெதுவாக நிரப்ப வேண்டும். ஏழு நிமிஷம். அவசரப்பட்டால் ஒரு பக்கம் மெலிந்து வெடித்துவிடும். இரண்டு பேர் பிடித்துக்கொள்வோம், ஒருவர் கருவியைக் கட்டுவார், தலைவர் வால்வைத் திறப்பார். அவர் நல்லவர், ஆனால் பொறுமை கிடையாது. மூன்றாவது நிமிஷமே அவர் கை வால்வைத் திருகப் போகும். கடிகாரத்தைக் காட்டினால் கேட்பதில்லை. ஏழு நிமிஷத்தில் முடிகிற மெதுவான பாட்டு ஒன்று இருந்தால், பாட்டு முடியும் வரை கையை எடு என்று சொல்லிவிடலாம். கை வலிக்க நின்றுகொண்டே பாடுவதால் மூச்சு வாங்கக் கூடாது. அவருக்கு, அதாவது ரேடியோக்காரருக்கு, வாசிக்கச் சுலபமாகவும் இருக்க வேண்டும்.

இருநூறு பேர் கேட்பார்களா, இரண்டாயிரம் பேர் கேட்பார்களா என்று யோசிக்காதே. நான்கு பேர், ஒரு பலூன். அவ்வளவுதான் சபை.

காத்திருக்கிறேன்.

உன் அக்கா


ஜூலை 8, படகு நிற்கும்போதே

தம்பி,

இரண்டு படகு வந்துவிட்டன. உப்பு வந்தது, பாட்டரி வந்தது, சோப்பு வந்தது. உன் கடிதம் வரவில்லை. சௌக்கியமா? அம்மா சௌக்கியமா? ஒரு வரி போதும்.

நேற்று காலை பலூன் வெடித்தது. நாலாவது நிமிஷம். தலைவரின் மூக்குக் கண்ணாடி பறந்துபோய்ச் சமையல்காரரின் மாவில் விழுந்தது. பாட்டு இல்லாததால் வெடித்தது என்று நான் அறிக்கையில் எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

படகுக்காரர் கூப்பிடுகிறார்.

உன் அக்கா


ஜூலை 26

என் அன்பு அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். என் தோள் மிகவும் சௌக்கியம். உன்னைக் காக்க வைத்ததற்கு என்ன திட்டினாலும் தகும், நேரில் வந்தே வாங்கிக்கொள்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். பன்னிரண்டு மாடிக் கட்டடம். நான் லிஃப்ட்டின் கூரை மேல் நிற்கிறேன். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் மின்சாரம் போய்விட்டது. உள்ளே யாரும் இல்லை என்றுதான் நினைத்தேன். இருட்டில் என் காலுக்குக் கீழே ஒரு பெண்மணி விசும்பும் சத்தம். எச்சரிக்கைப் பலகையைக் கவனிக்காமல் ஏறிவிட்டாராம்.

"பயப்படாதீங்கம்மா, மெக்கானிக் நான் மேலதான் நிக்கிறேன்."

"நிக்கிறீங்களா, போயிட்டீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பேசிக்கிட்டே இருக்கேன்மா."

"பேச்சு வேண்டாம். முன்னாடி பாடுவீங்களே, அதைப் பாடுங்க."

மின்சாரம் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். மூணாம் மாடியை எட்டுத் தடவை பாடினேன். அதற்கு மேல் எனக்கே தாங்கவில்லை. அழுகை நிற்கவும் இல்லை. அந்த அம்மா மூச்சை மெதுவாக விட வேண்டும், அதற்கு மெதுவாக ஒரு பாட்டு வேண்டும் என்று தோன்றியதும் உன் பலூன் ஞாபகம் வந்தது. ஒரு மாதமாக மேஜையில் உட்கார்ந்து ஒரு வரி வராத பாட்டு, அக்கா! வாயைத் திறந்தேன், வந்தது.

"மெல்ல மெல்ல நிறைஞ்சுக்கோ,
மேல போக நேரமிருக்கு.
இறுக்கிப் பிடிச்ச கைக்குத் தெரியும்
எப்ப விடணும்னு."

மூன்றாவது தடவை கீழேயிருந்து அந்த அம்மாவின் குரலும் சேர்ந்தது. அப்புறம் ஐந்தாம் மாடிக் கதவுக்கு வெளியே யாரோ தாளம் தட்டினார்கள். ஆறாம் மாடியிலிருந்து இன்னொரு குரல். பாதிப் பாட்டில் மின்சாரம் வந்துவிட்டது. நான் நிறுத்தினேன். கீழேயிருந்து அந்த அம்மா, "முடிச்சிட்டு இறக்குங்க" என்றார்.

முடித்துவிட்டுத்தான் இறக்கினேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். எனக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அந்த வாரமே இன்னும் இரண்டு பாட்டு வந்தன.

ரெக்கார்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கார்டு இத்துடன். இந்தத் தடவை தெரிந்தேதான் பேரிங் கார்டை அனுப்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆணி பழசுதான் அக்கா. மார்ச்சில், உன் பதில் வருவதற்கு முன்பே, கிடாரை விற்றுவிட்டேன். துறைமுகச் சாலையில் நாம் கடிதம் கொடுக்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறதே பழைய சாமான் கடை, அங்கே. போதும் என்று நீ எழுதி நான் அதைச் செய்வதைவிட, நானே முந்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நேற்று ஓடிப்போய்க் கேட்டேன். "அது ஏப்ரல்லயே போயிடுச்சே தம்பி" என்றார் கடைக்காரர். யார் வாங்கினார்கள் என்று அவருக்கு ஞாபகமில்லை. தெருவிலேயே நின்று அழுதேன். மற்றபடி எல்லோரும் நலம்.

உன் தம்பி


ஆகஸ்ட் 18

என் செல்லத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று உன் எழுத்தைப் பார்த்தே தெரிந்தது. பழைய மாதிரி கோடு தாண்டி எழுதியிருக்கிறாய்.

உன் பாட்டு ஆறு நிமிஷம் ஐம்பது விநாடி. மீதிப் பத்து விநாடி தலைவர் மூக்குக் கண்ணாடி தேடுகிறார், சரியாக இருக்கிறது. பாட்டு வந்த நாளிலிருந்து ஒரு பலூனும் வெடிக்கவில்லை. "எப்ப விடணும்னு" என்று பாடி முடித்ததும் நான்கு பேரும் ஒன்றாகக் கையை விடுகிறோம். அது போகிற அழகை நீ பார்க்க வேண்டும். சமையல்காரர் தினமும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்கிறார்.

இப்போது இரண்டு விஷயம். இரண்டையும் உன்னிடம் மறைத்தேன்.

முதலாவது உனக்கே தெரிந்திருக்கும். ரேடியோக்காரரை இனி நீ அத்தான் என்று கூப்பிட வேண்டியிருக்கும். அம்மாவுக்குத் தனிக் கடிதம் வைத்திருக்கிறேன், நீ பிரிக்காதே. நாற்பது வயதுக்கு மேல் இதெல்லாம் எதற்கு என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது. அம்மா சம்மதித்தால் செப்டம்பர் 30 படகில் அவளையும் கூட்டிக்கொண்டு வா. வாந்தி விஷயத்தைப் படகு புறப்பட்ட பிறகு சொல்லலாம்.

இரண்டாவது. வரும்போது கிடார் இல்லையே என்று கவலைப்படாதே. இங்கே ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் அவர் உறையைப் பிரித்ததும் வாங்கிப் பார்த்தேன் என்று எழுதினேன் அல்லவா? முதுகைத் திருப்பினேன். அங்கே நான் வைத்த இஸ்திரிப் பெட்டித் தழும்பு. துறைமுகச் சாலையில் பழைய கிடார் கிடைக்கிற கடை ஒன்றுதான், படகுக்காரர் வேறெங்கே போவார்?

அன்றே உனக்கு எழுதக் காகிதத்தை எடுத்தேன், தம்பி. அப்புறம் வைத்துவிட்டேன். நீ சுகமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பொய்யைப் பிடித்துவிட்டேன் என்று எழுதினால் நீ எனக்கு எழுதுவதையே நிறுத்திவிடுவாய். அதோடு எனக்கு ஒரு பிடிவாதம். கிடாரைத் திருப்பிக் கொடுத்துப் பாட்டை வாங்கக் கூடாது, அது இல்லாமலே நீ பாடி நான் கேட்க வேண்டும் என்று இருந்தேன். ஆனால் நீ தெருவில் நின்று அழுதாய் என்று படித்ததும் நான் செய்தது சரிதானா என்று ஆடிப்போய்விட்டேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடனே துடைத்து உறையில் போட்டுவிட்டார். "இது அவரோடது, நான் சும்மா பார்த்துக்கிட்டேன்" என்றார்.

வா. வந்து வாங்கிக்கொள்.

கண்ணீரும் சிரிப்புமாக,
உன் அக்கா


செப்டம்பர் 2

என் அருமை அக்காவுக்கும், அத்தானுக்கும்,

முதலில் அம்மா. உன் கடிதத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். அப்புறம் கேட்டாள்: "அந்தப் பிள்ளைக்குச் சத்தமா சிரிக்கத் தெரியுமாடா? உங்க அக்கா சிரிச்சா கூடச் சிரிக்க ஆள் வேணும்." அவருடைய கிடாரைக் கேட்டுப் பறவைகள் இடம் மாறிய கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது. சம்மதம் என்று அதிலேயே புரிந்துகொள். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. பெட்டி இப்போதே கட்டியாகிவிட்டது.

கிடார் விஷயத்தைப் படித்தபோது நான் மோட்டார் அறையில் இருந்தேன். நான் போட்ட கூச்சலுக்கு ஒன்பதாம் மாடிக்காரர் லிஃப்ட் அறுந்துவிட்டதென்று ஓடி வந்தார். உன் மேல் கோபமா என்றால், ஆமாம், அரை நாள். அப்புறம் நீ அன்றே எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். கிடாரைக் கேட்டு வாங்கி, துடைத்து, மாட்டி, அதன் கீழே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பேன்.

புதிதாக ஆறு பாட்டு இருக்கின்றன. எல்லாமே ஷாஃப்டில் பாடியவை, மோட்டார் சத்தத்தோடு. பலூன் பாட்டில் அந்த அம்மாவின் குரலும் ஆறாம் மாடிக் குரலும் இருக்கின்றன. இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் வெளியிட்டேன். பாடுபவர் பெயர் இருக்கும் இடத்தில் "பாடுகிற மெக்கானிக்" என்று போட்டேன். எத்தனை பேர் கேட்டார்கள் என்று நான் பார்க்கவில்லை. சரி, பார்த்தேன், உன்னிடம் இனிமேல் பொய் வேண்டாம். முந்நூற்று நாற்பது. முழுதாகக் கேட்டவர்கள் முந்நூற்று இரண்டு. ஆனால் அக்கா, அதைப் பார்த்தது நேற்று மாலை. நேற்று காலையே ஏழாவது பாட்டை ஆரம்பித்துவிட்டேன்.

அத்தானிடம் சொல், கிடாரை உறையிலிருந்து வெளியே எடுக்கட்டும். அது அவருடையது. அஞ்சாம் மாடியில் நிற்கிறவரை ஆறாம் மாடிக்கு நான் வந்து ஏற்றிவிடுகிறேன். கம்பி ஆறும் வாங்கி வைத்திருக்கிறேன், அறுக்கட்டும்.

நேற்று அம்மா கூடத்து ஆணியிலிருந்து குடையைக் கழற்றினாள். "கிடார் திரும்பி வருதுல்ல, இடம் வேணுமே" என்றாள். வரவில்லை அம்மா, அது அங்கேயே இருக்கட்டும் என்றேன். அப்புறம் என் கருவிப் பையைத் திறந்து, ரெக்கார்டரை எடுத்து, அந்த ஆணியில் மாட்டினாள்.

முப்பதாம் தேதி, படகில்.

உன் தம்பி